கல்லின் மேல் நாற்காலி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்று கேட்காதே. இருக்கிறோம், அவ்வளவுதான். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கப்பலின் இயந்திர அறையில் குனிந்து நிமிரும்போது நான் வாங்கிக் கொடுத்த பெல்ட்டைக் கட்டிக்கொள்கிறாயா, அல்லது அது பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்குகிறதா?

நீ எழுதிச் சொன்னபடி உன் பள்ளிக்கூடக் கூட்டாளி ஜவ்வு நேற்று வந்தான். நீங்கள் வைத்த பட்டப்பெயர்தான் என்றாலும், வீட்டு புரோக்கர் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தான். "ஒவ்வொண்ணும் கோட்டை மாதிரி நிக்குதுக்கா. மூணே மாசம். நான் இருக்கேன்ல, நீங்க ஏன் கவலைப்படறீங்க?" என்றான். இப்படி ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அப்பா கட்டிய வீட்டை விற்கிறோமே என்று உனக்கு மனசில் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு. எனக்கு ஒன்றுமில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அத்தான் கீழே ஹாலில்தான் படுக்கிறார். குளியலறையோ மாடியில். படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே நகர்ந்து ஏறுகிறார். நான் கீழே நின்று காலைத் தாங்கிக்கொள்கிறேன். மேலே போய்ச் சேருவதற்குள் இருவரும் வியர்வையிலேயே குளித்துவிடுகிறோம். ஓவிய வாத்தியார் விற்கப்போகும் வீட்டில் எல்லாம் தரையோடு தரையாக இருக்கிறது. படுக்கையிலிருந்து நாலு எட்டு வைத்தால் குளியலறை. ஜூலை முடிகிறவரை எங்களுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நம் வீடு நியாயமான விலைக்குப் போய், உன் பங்கையும் சேர்த்தால்தான் அதை வாங்க முடியும். உன்னிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது, கேட்டுவிட்டேன்.

ஜவ்வு கிளம்பும்முன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தான். "பஸ் ஸ்டாண்டு மைக்ல உங்க குரலைக் கேட்டுத்தான் சார் நாங்கல்லாம் வளர்ந்தோம்" என்றான். அத்தான் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காலமெல்லாம் எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று ஊருக்கே அறிவித்த மனிதர், இப்போது ஒரு சொல்லை வெளியே தள்ளுவதற்குள் எனக்கே மூச்சு முட்டுகிறது. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் நான் துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடலின் நடுவிலிருந்து உன் தம்பி. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பெல்ட் கட்டியிருக்கிறேன், இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கிறவரை.

என் பங்கை ஏதோ கடன் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறாய். அடி வாங்குவாய். கல்யாணம் கிடையாது, குழந்தை குட்டி கிடையாது, எனக்கு எதற்கு வீட்டில் பங்கு? வந்தால் படுக்க ஒரு மூலை கொடு, போதும். அத்தான் படியில் பின்பக்கமாக நகருவதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. உனக்கு அதிகாரம் கொடுத்து எழுதிய பத்திரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எனக்கும் சேர்த்து நீயே கையெழுத்துப் போடலாம்.

ஜவ்வைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பு. நான் உடைத்த வகுப்பு ஜன்னலுக்கு, "நான்தான் சார் உடைச்சேன்" என்று எழுந்து நின்று அடி வாங்கியவன் அவன். நட்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான்.

நீயும் சாப்பிடு. எனக்குச் சொன்னால் மட்டும் போதாது.

உன் தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரம் வந்து சேர்ந்தது. உன் மனசு உனக்கே வரும். எங்கள் உடம்புக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உனக்கும் இல்லாமல் இருக்கட்டும்.

வீடு பார்க்க ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய். தண்ணீர்! வருகிற பெண்கள் எல்லாரும் முதலில் சமையலறைக் குழாயைத் திறக்கிறார்கள். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுச் சும்மா இருக்கிறது. "காலையிலகூட வந்துச்சே" என்று நான் அசடு வழிகிறேன். அவர்கள் புருஷன்மாரைப் பார்க்கிறார்கள். புருஷன்மார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எல்லாரும் தெருமுனை தாண்டியதும் தண்ணீர் மடமடவென்று கொட்டுகிறது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன், இப்படி நடந்ததே இல்லை. குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்த அன்று ஒழுங்காக வந்து தொலைத்தது. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஜவ்வுக்குத்தான் என்னைவிட வருத்தம். "தண்ணிப் பிரச்சனை இருக்குன்னு நாமளே சொல்லிடணும்க்கா. மறைச்சா பாவம். விலையைக் கொஞ்சம் இறக்குங்க" என்கிறான். கொஞ்சம் இறக்கியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் என்கிறான். இதற்கு மேல் இறக்கினால் ஓவிய வாத்தியார் வீட்டு வாசற்படியைத்தான் வாங்க முடியும்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று, "இந்த எழுத்து தெரியுதா, இது தெரியுதா" என்று ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்துவிட்டு வீடு திரும்பினால், பார்ட்டி வருகிறது என்று தரையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. அலுத்துப்போய்விட்டேன்டா. ஒரே ஆறுதல், பார்ட்டி இல்லாத நாளிலும் ஜவ்வு நாலு மணிக்கு வந்து அத்தானோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் வந்துவிட்டால் கடையில் நிற்கும்போதும் எனக்குக் கொஞ்ச நேரம் நிம்மதி. கடைக்கு விடுமுறை நாளென்றால் மாடிக்குப் போய்த் தூங்கிக்கூட விடுகிறேன்.

கரையில் இறங்கினால் கண்டதையும் தின்னாதே.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் துறைமுகத்தில் கிடைத்தது. நான் நலம், இடுப்பும் நலம், பெல்ட்டும் நலம்.

தண்ணீர் விஷயத்தைச் சும்மா விடக் கூடாது. குழாய்க்குள் காற்று அடைத்திருக்கலாம். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து வை, காற்று போனதும் மேல்மாடியிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வா. அதற்கும் அடங்காவிட்டால் தெருக்குழாயில் அழுத்தம் குறைகிறதா என்று பக்கத்து வீட்டில் கேள். இவ்வளவு பெரிய கப்பலையே ஓட்டுகிறோம், ஒரு சமையலறைக் குழாய் நம்மை ஆட்டிவைப்பதா?

ஜவ்வு எனக்கும் எழுதியிருக்கிறான். அக்காவைப் பார்க்கப் பாவமாக இருக்கிறதாம். அத்தானோடு உட்காராமல் வருவதே இல்லையாம், அவர் பழைய கதையெல்லாம் சொல்கிறாராம். இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் சொல்? நானே லீவில் வந்தபோது அவர் பாதி சொல்வதற்குள் மீதியைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம்தான். நீயும் அப்படியே இருப்பாய்.

நேற்று ஜவ்வு புதிதாக ஒருவனை அழைத்து வந்தான். நாம் முதலில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்கிறான் அந்த ஆள். உடனே பணம். இந்த வீட்டில் தண்ணீர் சரியில்லை என்று அவனிடம் முன்பே சொல்லியாகிவிட்டதாம். "அதெல்லாம் பரவால்ல" என்றான். சரி, எவ்வளவு மோசம் என்று திறந்தாவது பார்ப்பான் என்று நான் குழாயடியில் தயாராக நின்றேன். சமையலறைப் பக்கமே அவன் திரும்பவில்லை. நானே திறந்தேன். தண்ணீர் கொட்டியது. அவன் ஒருவன் வந்த அன்று மட்டும் தண்ணீர் நிற்கவே இல்லை.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மற்றவர்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போதெல்லாம் ஜவ்வு எங்கே இருந்தான்? "ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வந்துடறேன்க்கா" என்று பக்கத்துச் சந்தில்.

சந்துக்குப் போய்ப் பார்த்தேன். அப்பாவின் கல் உனக்கு நினைவிருக்கிறதா? மாடியில் குடியிருந்தவர் குழாயைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவார். அவரோடு சண்டை போட பயந்துகொண்டு, அப்பா யாருக்கும் தெரியாமல் சந்தில் ஒரு வால்வைப் போட்டு மேலே கல்லைப் போட்டு மூடினாரே, அந்தக் கல். கோபம் வந்தால் போய் மூடிவிட்டு வருவார். நமக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் நிற்கும். ஆனாலும் அப்பாவுக்கு அதில் ஒரு பரம திருப்தி.

கல்லைச் சுற்றியிருந்த பாசி கிழிந்திருக்கிறது. புரட்டிப் பார்த்தேன். வால்வின் பிடி கை பட்டுப் பட்டுப் பளபளவென்று இருக்கிறது.

அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பது யாருக்குத் தெரியும்? அப்பா போய்விட்டார். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும்தான். ஆனால் தலையணை வேண்டும் என்று சொல்வதற்கே அவர் படுகிற பாடு எனக்குத் தெரியும், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நினைவிருக்கிறதா என்றுதான் கேட்டேன்.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அத்தான் எப்படி? உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாயிற்று. நடுவில் ஒரு துறைமுகத்தில் நிற்காமலே வந்துவிட்டோம், தபால் அங்கே காத்துக்கிடக்கும்.

ஜவ்வு மட்டும் இந்தத் துறைமுகத்துக்கே விரைவுத் தபாலில் அவசரமாக எழுதியிருக்கிறான். நல்ல பார்ட்டி, ரொக்கம், கை நழுவவிடக் கூடாது என்கிறான். விலை கொஞ்சம் குறைவுதானாம். எவ்வளவு என்று எழுதவில்லை. எதற்கும் பிடிவாதம் பிடிக்காமல் முடித்துவிடு அக்கா. உன்னால் இன்னும் எத்தனை நாள் அத்தானைத் தாங்கிக்கொண்டு படி ஏற முடியும்? அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உன் தம்பி


மே 26

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் கேட்டதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. என் கடிதம் வரவில்லை என்கிறாய், ஜவ்வு எழுதியது மட்டும் வந்திருக்கிறது. சரி.

முடித்துவிடச் சொல்கிறாய். முடித்துவிடுகிறேன். சண்டை போட உடம்பில் தெம்பு இல்லை, யாரோடு போடுவது என்றும் தெரியவில்லை. ஓவிய வாத்தியாரிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும். அந்த விலைக்கு மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைக்கும் என்று ஜவ்வே பார்த்து வைத்திருக்கிறான். அங்கே குளியலறை உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால் பிறகு அத்தான் தெருவைப் பார்க்கப் போவதில்லை. ஜன்னல் இருக்கிறது என்கிறான்.

ஜூன் கடைசியில் கையெழுத்து.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போடாதே. போடாதே. இதைத்தான் முதலில் எழுத வேண்டும், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

நீ கல்லைப் பற்றி எழுதியதும், கடைசியாக எழுதியதும் இன்று ஒரே கட்டாக வந்தன. கல் கடிதத்தைப் பார்க்காமல்தான் முடித்துவிடு என்று எழுதித் தொலைத்தேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

ஜவ்விடம் கல்லைப் பற்றிச் சொன்னது நான்தான். போன லீவில் வந்தபோது, அப்பாவின் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் இதை இப்படிப் பயன்படுத்துவான் என்று கனவிலும் நினைக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அத்தானை மட்டும் இதில் இழுக்காதே. அவரிடம் எதுவும் கேட்காதே. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

ஜவ்வை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த ஜன்னலுக்கு அவன் அடி வாங்கியதுகூட எதற்காக என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 25

டேய்,

நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

ஒரு மாதம், முழுசாக ஒரு மாதம், நீயும் அவனும் கூட்டு என்று நினைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறேன். கடையில் ஒரு கிழவருக்குக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குக் கண் கலங்கி, அவர் எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். இப்போது கேட்டால் வாய் தவறிச் சொல்லிவிட்டானாம்! உன் வாய்க்கு ஒரு பூட்டு கிடையாதா? கடலில் மீனிடம் பேசுகிற மாதிரியே கரையிலும் பேசுவாயா? நீ லீவில் வந்து நாலு நாள் சிரித்துவிட்டுப் போவாய். படியில் அவருடைய காலைத் தாங்கிக்கொண்டு நிற்கிறவள் நான்.

கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன். இனி நானே பார்த்துக்கொள்கிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். எதுவும் அதிகப்படியாகத் தெரியவில்லை.

வீடு என்ன ஆயிற்று? படி ஏறி ஏறித் தேய்ந்த உன் முழங்கால் எப்படி? ஜவ்வு வருவதை நிறுத்திவிட்டால், நாலு மணிக்கு அத்தான் பக்கத்தில் யாராவது உட்காருகிறார்களா?

உன் தம்பி


ஆகஸ்ட் 3

என் அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நிஜமாகவே. இதை எழுதும்போது அத்தான் குளித்துக்கொண்டிருக்கிறார், தானாகவே. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். ஓவிய வாத்தியார் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த கண்டக்டர் அம்மா ஒருவர் வீடு தேடிக்கொண்டிருந்தார். "நேரா வந்து பாருங்க" என்றேன். ஜவ்விடமும் சொன்னேன். "கையெழுத்துக்கு முன்னால இவங்க ஒருத்தங்க பாத்துட்டுப் போகட்டும்ப்பா, வாடிக்கையாளர், தட்ட முடியல." அவனும் முகத்தைச் சுளிக்காமல் வந்து நின்றான். வராமல் இருப்பானா?

அதற்கு முன்பே ஒரு வேலை செய்துவைத்திருந்தேன். கைப்பிடி வைத்த மர நாற்காலியைச் சந்தில் கொண்டுபோய் அந்தக் கல் மேல் போட்டு, "வெயில் நல்லா இருக்கு, கொஞ்சம் உக்காருங்க" என்று அத்தானை உட்காரவைத்துவிட்டேன். எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை.

கண்டக்டர் அம்மா உள்ளே நுழைந்ததும் ஜவ்வு சிகரெட்டை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனான். நான் மாடிப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தானைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அத்தானுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். நல்ல கையால் பக்கத்துச் சுவர் விளிம்பைத் தட்டித் தட்டிக் காட்டினார். "உக்... காரு" என்றார். தெளிவாகக் கேட்டது. அந்தப் பயல் உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல், பற்றவைக்காத சிகரெட்டோடு நின்றுகொண்டிருந்தான். உள்ளே குழாயைத் திறந்த அம்மா, "அடேயப்பா, என்ன வேகம்! புடவையெல்லாம் நனைஞ்சு போச்சு" என்று சிரித்தார்.

நாம் முதலில் சொன்ன விலைக்கே அவர் வாங்கிக்கொண்டார். ஜவ்விடம் வாசலில் வைத்துக் கேட்டேன், அந்தக் குறைந்த விலைக்காரன் யார் என்று. "என் மச்சினன்தான்க்கா, வெளியாள் இல்ல" என்றான், அதுவே ஒரு சமாதானம் போல! கமிஷன் கேட்கவில்லை. அந்த அளவு வெட்கம் மிச்சமிருந்தது.

அன்று சாயங்காலம் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரிடம் கேட்காதே என்று நீ எழுதியிருந்தாயே, அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. "ஜவ்வுகிட்ட கல்லைப் பத்தி யாராவது பேசினாங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் ஆரம்பித்தார். வழக்கமாக நடுவில் புகுந்து, தண்ணியா, தலகாணியா என்று நானே முடித்துவிடுவேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் சுவரிலிருந்து தரைக்கு இறங்குகிறவரை உட்கார்ந்திருந்தேன். "நான்... தான். மாமா... கதை... சொன்னேன். சிரிச்சான்."

சிரித்தானாம். அப்பாவின் வால்வுக் கதையை அத்தான் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், யோசித்துப் பார். அவ்வளவு நேரமும் அந்தத் திருட்டுப் பயல் உட்கார்ந்து கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்திருக்கிறான். நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அத்தான் பழைய கதையெல்லாம் சொல்கிறார் என்று அவன் உனக்கு எழுதியிருந்தானே, கல் கடிதத்தைப் படித்ததுமே உனக்கு இது தெரிந்துவிட்டது, இல்லையா? செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, நான் திட்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, முழங்கால் எப்படி என்று கேட்டு எழுதுகிறாய். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்டா. அது என்னை விட்டுப் போகாது. நீ என்னை நன்றாகத் திட்டி ஒரு கடிதம் போடு, மனசு ஆறும்.

ஜவ்வு ஏன் வருவதில்லை என்று அத்தானிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும்போவதில்லை. நீயும் வந்தால் சொல்லிவிடாதே. வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இந்தப் புது வீட்டிலும் நாலு மணி ஆனால் வாசலைப் பார்க்கிறார். கடையில் சொல்லி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். மூன்றரைக்கெல்லாம் வந்துவிடுகிறேன்.

நேற்று நான் வந்ததும் கட்டிலைத் தட்டினார். "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். மாடியில் குடியிருந்தவர் குழாயைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கிய கதையை ஆரம்பித்தார். என் அப்பாவின் கதை, எனக்கு அத்துப்படி. வெளியே விளக்குப் போடுகிற நேரம் ஆகிவிட்டது, அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. அவர் கடைசிச் சொல்லைச் சொல்லி முடிக்கிறவரை கேட்டேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன்.

பெல்ட்டைக் கட்டிக்கொள். உனக்கு ஜன்னல் ஓரத்து மூலை.

உன் அக்கா